ரேஞ்ச் ரோவரில் டீசல் எஞ்சின் ஏற்றி வள்ளம் இழுக்கலாமா?

குளச்சல் பக்கம் பைபர் வள்ளம் கட்டும் யார்டு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த 1993 ரேஞ்ச் ரோவர், 3.9 லிட்டர் வி8 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், இப்போது முற்றத்தில் தென்னை ஓலை விழுந்து கிடக்கிறது. அதில் ஒரு டீசல் எஞ்சினை ஏற்றி, கட்டி முடித்த வள்ளங்களை டிரெய்லரில் வைத்து தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம், சில நேரம் தூத்துக்குடி வரை இழுத்துக் கொடுக்கலாமா, எந்த எஞ்சின் சேரும், லாபம் உண்டா என்பது கேள்வி. பெட்ரோல் வண்டிக்கு இழுவை கிடையாது என்று மெக்கானிக் ஒருவர் சொல்லிவிட்டாராம்.

தம்பி, எஞ்சினை ஏற்ற முடியும். ஏற்றிய பிறகு அதை ரோட்டில் இறக்க சட்டம் விடாது. அதற்கும் முன்னால், மெக்கானிக் சொன்ன அந்த இழுவைக் கதையே உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் வண்டியின் வி8 அமெரிக்காவில் பியூக் எஞ்சினாகப் பிறந்தது. 1960களில் ரோவர் கம்பெனி அதை உரிமையோடு வாங்கிக்கொண்டது, 1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது அதைத்தான் 3.5 லிட்டராக வைத்தார்கள், பிறகு 3.9 ஆக வளர்த்தார்கள். முழுக்க அலுமினியம், அளவுக்கு எடை குறைவு. 3.9-க்கு ஏறக்குறைய 180 குதிரைத்திறன், திருகு விசையான டார்க் 310 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதுவும் நிமிடத்துக்கு 2600 சுற்றிலேயே. இதே வண்டியில் அதே கம்பெனி வைத்த டீசல்களில் நல்லது என்று பெயர் எடுத்த 300டிடிஐ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2495 சிசி, 111 குதிரைத்திறன், 1800 சுற்றில் 265 நியூட்டன் மீட்டர். இப்போது சொல்லுங்கள், எதற்கு இழுவை அதிகம்? அம்பாசடரும் பழைய ஜீப்பும் மட்டும் பார்த்துப் பழகிய கை, பெட்ரோல் என்றாலே ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று நினைக்கும். எட்டு சிலிண்டர் பெட்ரோல் வேறு சாதி. இந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3500 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ. இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது எண் பின்னால் தேவைப்படும்.

அப்புறம் ஏன் உலகம் முழுக்க வி8-ஐக் கழற்றிவிட்டு டீசல் போட்டார்கள்? ஒரே காரணம், வயிறு. இந்த வி8 நம் ஊர் ரோட்டில் லிட்டருக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் கொள்ளாம் என்று சந்தோஷப்பட வேண்டும், பின்னால் பாரம் கட்டினால் அதுவும் இறங்கும். அந்தக் கவலை கம்பெனிக்கும் இருந்தது. அதனால்தான் 1986-இல் இத்தாலியின் விஎம் டீசலை 2.4 லிட்டராக வைத்தார்கள், 1992-இல் 200டிடிஐ, அடுத்து 300டிடிஐ, 1994-இல் வந்த அடுத்த தலைமுறை வண்டியில் பிஎம்டபிள்யூவின் 2.5 லிட்டர் டீசல். இழுவைக்காக வைத்தது என்பதைவிட பங்க் பில்லுக்காக வைத்தது என்பதே சரி. டீசலுக்கு நியாயமான இன்னொரு குணம் உண்டு, மறுக்கவில்லை. குறைந்த சுற்றிலேயே முழு டார்க் வருவதால், பாரத்தோடு ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும்போது ஆக்சிலேட்டரைச் சவட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

சரி, நீங்கள் இழுக்கப்போவது எவ்வளவு? "ஒன்றரை டன் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும் என்பது எடை ஆகாது தம்பி. எம்-சாண்ட் லாரி ஏறும் வே பிரிட்ஜ் எதிலாவது டிரெய்லரோடு வள்ளத்தையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள், சாயாக் காசுதான் ஆகும். ரெசின் கொஞ்சம் தாராளமாக ஊற்றிய வள்ளமும் சிக்கனமாக ஊற்றிய வள்ளமும் ஒரே நீளத்தில் எத்தனை கிலோ வித்தியாசம் வரும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதோடு டிரெய்லரின் இரும்பு எடை, வெளியே மாட்டும் எஞ்சின், வலை ஏதாவது போட்டுக் கொடுத்தால் அது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டி இரண்டு டன், பின்னால் இரண்டு டன், மொத்தம் நாலு. 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் ஏற்றம், நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. அதில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சக்கரத்தில் 40 குதிரைத்திறன் வேண்டும், எஞ்சினில் ஐம்பது என்று வையுங்கள். 60-இல் ஏற வேண்டுமானால் எஞ்சின் எண்பதாவது கொடுக்க வேண்டும். 300டிடிஐ 2000 சுற்றில் கொடுப்பதே 75-தான். ஆக, 111 குதிரைத்திறன் டீசல் ஏறும், மெதுவாக ஏறும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். வி8 அதைப் பேச்சு மூச்சில்லாமல் ஏற்றிவிட்டு, பங்கில் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

இனி எஞ்சின் மாற்றும் வேலைக்கு வருகிறேன். இதில் நான் கை சுட்டவன்.

இருபது வருடத்துக்கு முன்னால், குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்காரரிடம் இதே போன்ற பழைய பெட்ரோல் ரேஞ்ச் ரோவர் ஒன்று இருந்தது. எஸ்டேட் ஜீப்புகளுக்கெல்லாம் டீசல் மாற்றி மாற்றி எங்கள் ஆசானுக்கு அதில் பெயர். டாடா 407-இல் வரும் 497 எஞ்சினை இதில் வைத்துத் தரச் சொன்னார் முதலாளி. 497 என்றால் நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், பெயரிலேயே கணக்கு இருக்கிறது, 2956 சிசி. ஸ்பேர் தக்கலையிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், நியாயமான யோசனை மாதிரிதான் தோன்றும். ஆசானுக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது.

முதல் சிக்கல் எடை. அலுமினிய வி8 உட்கார்ந்த இடத்தில் லாரி எஞ்சினின் வார்ப்பிரும்பை இறக்கினோம், வண்டி முகம் குப்புறக் கவிழ்ந்தது போல நின்றது. முன் ஸ்பிரிங்கை மாற்றினோம். ஸ்டீயரிங் இரும்புலக்கை மாதிரி ஆனது. பிறகு மவுண்டிங். வி8-க்கு வைத்த மவுண்டிங் இடம் இதற்கு ஒத்து வராது, சேஸில் புதிதாக வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். நாலு சிலிண்டர் பெரிய டீசல் ஐடிலிங்கில் எப்படி உதறும் என்று 407 ஓட்டியவர்களுக்குத் தெரியும். லாரியில் அந்த உதறலை யாரும் கண்டுகொள்வதில்லை. தோல் சீட்டும் மர வேலைப்பாடும் வைத்த வண்டிக்குள் அது டாஷ்போர்டின் ஒவ்வொரு திருகையும் பேச வைத்துவிடும். கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா ஆட்டோவா என்று தெரியாது, அப்படி ஓர் ஆட்டம்.

அசல் சிக்கல் அதுவும் இல்லை. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் இடம், பெல் ஹவுசிங். டாடா எஞ்சினின் போல்ட் துளைகளுக்கும் ரோவர் கியர் பாக்ஸின் துளைகளுக்கும் சம்பந்தமே இல்லை, நடுவில் ஒரு அடாப்டர் தட்டு போட்டே ஆக வேண்டும். லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினோம். துளை எல்லாம் சரியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் துளை உட்காருவதில் ஒன்றும் இல்லை, கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது. அதை டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவி வைத்துச் சுற்றிப் பார்த்து, டவல் பின் அடித்துப் பூட்ட வேண்டும். நாங்கள் கண்ணால் பார்த்தோம். போல்ட்டை நம்பினோம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை, பிறகு கிளட்ச் மிதித்தால் ஒரு முனகல், நாலாயிரம் தாண்டும்போது இன்புட் பேரிங் பொடியாகி கியர் பாக்ஸுக்குள்ளேயே கலந்துவிட்டது. கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்ட அன்று ஆசான் ஒரு வார்த்தை பேசவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அடாப்டர் செய்கிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், டயல் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முழித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இதே வண்டியில் ஐசுசு 4BD1, கம்மின்ஸ் 4BT என்ற இரண்டு டீசல்களையும் வைப்பவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் 3.9 லிட்டர்தான், உங்கள் வி8 போலவே. ஐசுசு எஞ்சினை ஆஸ்திரேலிய ராணுவம் வாங்கிய பெரன்டி லேண்ட் ரோவரில் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்தார்கள், அதனால் அந்த நாட்டில் பெல் ஹவுசிங் முதற்கொண்டு உரிய சாமான் கிடைக்கும், வேலை சுத்தமாக வரும். கம்மின்ஸ் முந்நூறு கிலோவுக்கு மேல் கனக்கும், உதறலில் 497-க்கு அண்ணன். இரண்டும் இங்கே உங்களுக்கு உதவாது.

சேர்வதைக் கேட்டால் 300டிடிஐ ஒன்றுதான் சேரும். அதுவும் வெறும் எஞ்சினாக வாங்கக்கூடாது, அதோடு வந்த கியர் பாக்ஸ், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், இன்டர்கூலர், ஆயில் கூலர், பைப்புகள், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து முழுசாக எடுக்க வேண்டும். பாஷ் மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது, நம் ஊர் பம்ப் கடைக்காரரே பிரித்துச் சேர்ப்பார். கம்ப்யூட்டர் டீசல் அளந்து கொடுக்கும் புதிய காமன் ரெயில் எஞ்சினை இதில் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், எஞ்சினோடு அதன் கம்ப்யூட்டர், சாவி, ஆக்சிலேட்டர் பெடல், சென்சார்கள் எல்லாம் கூடவே குடியேற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். எஞ்சின் வாங்கும் இடத்தில் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்து வாங்குங்கள். பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டை ஆனாலும் சரி, வேறெங்கே ஆனாலும் சரி, எண் தேய்த்த எஞ்சின் வீட்டுக்கு வந்தால் பின்னாலேயே போலீஸும் வரும்.

உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் ஒரு எச்சரிக்கை. வி8-க்குப் பின்னால் இருக்கும் இசட்எஃப் நாலு கியர் பெட்டி, டிடிஐ டீசலோடும் வந்திருக்கிறது, பெயர் ஒன்றுதான். ஆனால் பெல் ஹவுசிங் வேறு, டார்க் கன்வெர்ட்டர் வேறு, கியர் மாறும் சுற்று வேறு. வி8 ஐயாயிரம் சுற்று வரை போகும், அதற்கு ஏற்ற மாதிரி கியர் மாறும்படி அந்தப் பெட்டி அமைந்திருக்கிறது. டீசல் நாலாயிரத்திலேயே மூச்சை முடித்துவிடும். பழைய பெட்டியை அப்படியே வைத்தால், முழுசாகச் சவட்டும்போது அடுத்த கியர் விழுவதற்குள் எஞ்சின் கத்திக்கொண்டே நிற்கும். பாரம் இழுக்க மேனுவல் கியரே மேல்.

கியர் விகிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது எஞ்சினைவிட முக்கியம். ரேஞ்ச் ரோவரின் டிப்ரன்ஷியல் விகிதம் 3.54. கியர் பாக்ஸிலிருந்து முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்பர் கேஸ், அதே கம்பெனியின் டிஸ்கவரியில் வருவதன் ஹை விகிதம் 1.222, டிபெண்டரில் வருவது 1.410. அஞ்சாவது கியரில் முதலாவதை வைத்தால் 2000 சுற்றுக்கு வண்டி எண்பதுக்கு மேல் ஓடும். இரண்டாவதை வைத்தால் அதே சுற்றில் எழுபது சொச்சம். அதாவது வேகத்தில் பதின்மூன்று சதவீதம் விட்டுக்கொடுத்தால், இழுவையில் பதினைந்து சதவீதம் சும்மா கிடைக்கும். வள்ளம் கட்டிக்கொண்டு யாரும் நூறில் பறக்கப்போவதில்லை. எஞ்சினின் பம்ப்பைத் திருகி டீசல் கூட்டி கரும்புகை விட்டுச் சம்பாதிக்கும் இழுவையைவிட இது ஆயிரம் மடங்கு உத்தமம்.

சின்னச் சின்ன வேலைகள் வரிசையாக வரும், எல்லாம் சேர்ந்துதான் மாதக்கணக்கை விழுங்கும். டீசலுக்கு இன்டேக்கில் வேக்கம் கிடையாது, பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்கம் பம்ப் வேண்டும். டிடிஐ-யில் அது எஞ்சினிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் அது மின்சாரப் பம்ப்பில் அழுத்தம் ஏற்றும் வகை, வேக்கம் பிரச்சினையே வராது, ஆனால் அந்தப் பம்ப் செத்துக் கிடந்தால் அது தனிச் செலவு. பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவி உள்ளே இருக்கும் பம்ப்பை எடுக்க வேண்டும், ரிட்டர்ன் லைன் பார்க்க வேண்டும், தண்ணீர் பிரிக்கும் பில்டர் கட்டாயம் வைக்க வேண்டும். குளோ பிளக் ரிலே, பெரிய பேட்டரி, நிறுத்துவதற்கான சாலினாய்டு, டாக்கோ மீட்டருக்கு டைனமோவிலிருந்து ஒரு வயர். ஏசி கம்ப்ரசர் எந்தப் பக்கம் உட்காரும் என்று அளந்து பார்க்காமல் எஞ்சினை இறக்கி, பிறகு ஏசியே இல்லாமல் ஓடும் 'லக்சரி' வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எரியும் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் சைலன்சர் வழியும் ரேடியேட்டர் வழியும் போக வேண்டும். சும்மா ஓடும் வண்டியில் எஞ்சின் முழு வேலை செய்வது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பாரம் இழுக்கும்போது பத்து நிமிடம் தொடர்ந்து செய்யும். அதுவும் தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் ரோட்டில், ஏறி இறங்கி, வளைந்து, பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் நின்று நின்று போகும்போது ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. அங்கே காப்பாற்றுவது எஞ்சினில் சுற்றும் விஸ்கஸ் பேன்தான், எலெக்ட்ரிக் பேன் வைத்து இடம் மிச்சம் பிடிக்காதீர்கள். 300டிடிஐ ஒரு முறை கொதித்தால் ஹெட் போய்விடும், தண்ணீர் பம்ப்புக்குப் பின்னால் இருக்கும் ஆங்கில P எழுத்து வடிவ கேஸ்கட் ஒழுகியே பல எஞ்சின் செத்திருக்கிறது. அதனால் தண்ணீர் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் ஒன்று, டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று, இரண்டும் இல்லாமல் பாரம் கட்டக்கூடாது. எழுநூறு டிகிரியைத் தாண்டினால் காலை எடுத்துவிட்டு ஒரு கியர் இறக்கணும். டைமிங் பெல்ட் பழைய 300டிடிஐ எஞ்சின்களில் நேர்கோடு தவறி அரிந்துகொண்டு போகும் வியாதியும் உண்டு, திருத்திய புல்லி செட் போட்டதா என்று பார்க்க வேண்டும்.

பிரேக்குக்கும் கொக்கிக்கும் வருகிறேன். முதலில் சொன்ன 750 கிலோ நினைவிருக்கிறதா? உங்கள் டிரெய்லருக்கு பிரேக் இல்லை என்றால், மேலே என்ன எஞ்சின் இருந்தாலும் அதற்கு மேல் இழுக்கக்கூடாது. இழுக்க முடியும் என்பதும் நிறுத்த முடியும் என்பதும் வேறு. வேண்டியது ஓவர்ரன் பிரேக், வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுமே, அந்தத் தள்ளுதலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். கொக்கியில் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் ஏழிலிருந்து பத்து சதவீதம் இருக்க வேண்டும். வள்ளத்தை அரை அடி முன்னால் பின்னால் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். பின்பாரம் ஏறினால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். தூத்துக்குடி என்று சொன்னீர்கள், ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு பக்கம் அடிக்கும் காற்றில் மாட்டாமல் தப்ப முடியாது. காற்றாடி ஆயிரக்கணக்கில் நட்டு வைத்திருப்பது சும்மாவா? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணவாயில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு லாரியே ஒதுங்கும், உங்கள் வள்ளத்தின் பக்கம் ஒரு பாய்மரம். அந்த மாதங்களில் விடியற்காலையில் கடந்துவிடுங்கள், காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும். வண்டியின் பின் அச்சுக்கு மேலே போகே லெவலர் என்று ஒரு தடி இருக்கும், பாரம் ஏறினால் பின்பக்கத்தைத் தானே தூக்கி நிறுத்துவது. இந்த வயதில் அது செத்திருக்கவே வாய்ப்பு அதிகம், பார்த்து மாற்றுங்கள்.

உப்பு. கடற்கரையில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் ரேஞ்ச் ரோவரில் ஒரு விசேஷம் உண்டு. வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், உள்ளே சட்டம் இரும்பு. இரண்டு உலோகம் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் ஒன்றை ஒன்று தின்னும். வெளியே பார்க்க பளபளவென்று இருக்கும், உள்ளே தட்டினால் அப்பளம். எஞ்சின் பேச்சுக்கு முன்னால் வண்டியை லிப்டில் ஏற்றி, சேஸின் பின்பகுதி, கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டம், பின்கதவுச் சட்டம் மூன்றையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். குறுக்குச் சட்டம் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்தது. ஒருவேளை இழுக்க ஆரம்பித்தாலும், வள்ளத்தைக் கடலில் இறக்க இந்த வண்டியைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். அதற்கு டிராக்டர் இருக்கிறது.

இப்போது பேப்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சி புக்கில் இருக்கும் விவரமும் கம்பெனி கொடுத்த விவரமும் முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கு ஒன்றில் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வகை எஞ்சின் பழுதாகி அதே வகையை மாற்றுவது வேறு, முறையாக ஆர்டிஓ ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். பெட்ரோலை எடுத்துவிட்டு வேறு கொள்ளளவில் டீசல் வைப்பது அந்தக் கணக்கில் வராது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் அய்யாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் ஆசான் காலத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதையெல்லாம் இன்று நடக்காது. உங்கள் வண்டி பதினைந்து வருடத்தைத் தாண்டியது, அஞ்சு வருடத்துக்கு ஒரு முறை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கொண்டுபோய் நிறுத்தி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். பின்னால் வள்ளத்தோடு ஒரு பைக்காரர் மேல் மோதினீர்கள் என்றால், எஞ்சின் மாற்றிய வண்டி என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும், இழப்பீடு உங்கள் யார்டை விற்றுக் கட்ட வேண்டி வரலாம். டிரெய்லருக்கும் இதே கதைதான். சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்து எடுத்த டிரெய்லரில் ஒரு பழைய நம்பர் பிளேட்டை மாட்டி ஓட்டுவது செல்லாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மதில் கட்டிய சொந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைத்த வண்டி, சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே இல்லை. யார்டுக்குள் வள்ளத்தை ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு இழுக்க மட்டும் என்றால் என்ன எஞ்சின் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ரேஞ்ச் ரோவர் எதற்கு, பழைய டிராக்டர் போதுமே.

லாபக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வருடம் அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு அஞ்சு என்றால் ஆயிரம் லிட்டர், நூறு ரூபாய் என்று பிடித்தால் ஒரு லட்சம். டீசல் லிட்டருக்கு ஒன்பது என்றால் 555 லிட்டர், தொண்ணூறு சொச்சம் ரூபாயில் ஐம்பதாயிரத்துச் சொச்சம். வருடம் மிச்சம் அரை லட்சத்துக்குக் கீழே. முழு செட்டாக எஞ்சினும் கியர் பாக்ஸும் தேடிப் பிடித்து ஒழுங்காக வேலையை முடிக்க அஞ்சு லட்சத்துக்குள் அடங்காது என்பது என் அனுபவக் கணக்கு. பத்து வருடம் கழித்துத்தான் போட்ட பணம் திரும்பும், அதுவரை பேப்பர் பயத்தோடு ஓட்ட வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன்னால், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்த காலத்தில் மாற்றினவர்கள் சம்பாதித்தார்கள். அந்தப் பள்ளம் இப்போது பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? மாதத்துக்கு ஒன்றிரண்டு வள்ளம்தான் வெளியே போகிறது என்றால் லாரியில் ஏற்றி அனுப்புவேன், காற்றும் கொக்கியும் லாரிக்காரர் கவலை. வாரத்துக்கு வாரம் போகிறது என்றால் சேஸ் உள்ள டீசல் பிக்கப், நாலு சக்கரமும் இழுப்பது, பழைய ஐசுசு வி-கிராஸ் மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்குவேன். கம்பெனியே வைத்த டீசல், ஆர்சியில் எழுதிய டீசல். மாமாவின் வண்டியை வி8-ஆகவே எழுப்பி, ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை வரைக்கும் ஓட்டுவேன். அந்த எஞ்சின் சத்தத்துக்கே ஒரு காசு உண்டு, அதைக் கழற்றிப் போட எனக்கு மனசு வராது.

எழுப்புவதற்கு முன்னால் செல்ப் அடித்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சின், எட்டு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள், பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு கம்ப்ரஷன் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் என்ன நிறம் என்றும் பாருங்கள். இந்த வி8-களில் கொதித்த எஞ்சினுக்கு லைனர் நகரும், ஹெட் கேஸ்கட் போகும், காம் ஷாப்ட் தேயும், மூன்றும் தெரிந்த வியாதிகள். எட்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்ணையும் வே பிரிட்ஜ் சீட்டில் இருக்கும் எடையையும் இங்கே எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றலாம் என்று பார்ப்போம்.